இறுதிப் போட்டியும் கடைமடைக் காத்திருப்பும்

தியானப் பகுதி: யாக்கோபு 5:7-8, லூக்கா 12:35-38





நாளை 2023 நவம்பர் 19, ஞாயிற்றுக்கிழமை. பிற்பகல் 2 மணிக்கு அகமதாபாத்தின் நரேந்திர மோடி மைதானத்தில் உலகக் கோப்பைக் கிரிக்கெட்டின் இறுதி ஆட்டம் தொடங்குகிறது. இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் எதிர்நிற்கின்றன. இதை நான் சொல்லி நீங்கள் அறிய வேண்டியதில்லை. கடந்த புதன்கிழமை மும்பையில் நியூசிலாந்தை நம் அணி வென்ற இரவிலிருந்து, தஞ்சையின் தேநீர்க் கடைகளில் வேறு பேச்சே எழவில்லை. விராட் கோலியின் ஐம்பதாவது சதமும், ஷமி வீழ்த்திய ஏழு விக்கெட்டுகளும் சிறு பிள்ளைகளுக்குக் கூட மனப்பாடமாகிவிட்டன. ஞாயிறு பள்ளியின் மனப்பாட வசனம் அவர்களுக்கு அவ்வளவு விரைவில் பாடமாவதில்லை என்பதையும் சிரித்துக்கொண்டே குறிப்பிடுகிறேன்.

இந்த வாரத்தில் இரண்டு வேண்டுகோள்கள் என்னிடம் வந்தன. நம் வாலிபர்கள் சிலர், நாளை மாலை 6 மணி ஆராதனையை ஒரு வாரத்துக்கு மட்டும் நிறுத்தி வைக்கலாமா என்று தயக்கத்தோடு கேட்டார்கள். சபையின் பெரியவர் ஒருவர், காலை ஆராதனையில் இந்தியாவின் வெற்றிக்காக விசேஷித்த ஜெபம் ஏறெடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். இரண்டையும் நான் அற்பமாக எண்ணவில்லை. இரண்டு இரவுகள் யோசித்த பின்பே இந்த வாரத் தியானத்தை எழுதுகிறேன்.

முதலாவது, உங்கள் ஆவலை நான் குறை சொல்லப் போவதில்லை. 1983-ம் ஆண்டு ஜூன் 25 அன்று இலண்டன் லார்ட்ஸ் மைதானத்தில் இந்தியா 183 ஓட்டங்களுக்குள் சுருண்டபோது, அந்த ஆட்டத்தில் இரு அணிகளிலும் அதிக ஓட்டம் எடுத்தவர் நம் சென்னையின் ஸ்ரீகாந்த். அவர் எடுத்தது 38. அன்று கோப்பை நமக்கு வந்தது. அடுத்த முறை அது வந்தது 2011 ஏப்ரல் 2 அன்று. அந்த ஆண்டில் பிறந்த பிள்ளைகளுக்கு இப்பொழுது பன்னிரண்டு வயது. இந்த முறை நம் அணி ஆடிய பத்து ஆட்டங்களிலும் வென்றிருக்கிறது. ஒரு தேசம் முழுவதும் சாதியையும் மதத்தையும் மொழியையும் சற்று மறந்து ஒரே காரியத்துக்காகக் காத்திருப்பது எளிதில் காணக்கூடியதன்று. அந்த மகிழ்ச்சியைக் கெடுப்பது தேவபக்தி ஆகாது.

பரிசுத்த பவுலும் அப்படிச் செய்யவில்லை. அவர் ஒன்றரை ஆண்டு தங்கி ஊழியம் செய்த கொரிந்து பட்டணத்தின் அருகில், இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை இஸ்த்மிய விளையாட்டு விழா நடைபெறும். கிரேக்க நாடெங்குமிருந்து மக்கள் திரள்வார்கள். வென்றவனுக்குக் கிடைத்தது பொன்னல்ல, வெள்ளியல்ல. இலைகளால் பின்னிய ஒரு முடி மட்டுமே. கொரிந்து சபையார் அந்த விழாவை நன்கு அறிந்தவர்கள். ஆகவேதான் பவுல் தம் முதலாம் நிருபத்தின் ஒன்பதாம் அதிகாரத்தில் ஓட்டக்காரரை உவமையாக எடுத்தார். வாடிப்போகும் முடிக்காக அவர்கள் அவ்வளவு அடக்கமாய்த் தங்களைப் பழக்கும்போது, வாடாத முடியை எதிர்நோக்கும் நாம் எப்படி இருக்க வேண்டும் என்று கேட்டார். விளையாட்டை அவர் ஏளனம் செய்யவில்லை. விளையாட்டு வீரனிடம் கற்றுக்கொள்ளச் சொன்னார்.

நாமும் கற்றுக்கொள்ளலாம். அக்டோபர் 8 அன்று சேப்பாக்கத்தில் இதே ஆஸ்திரேலியாவுக்கு எதிராக நம் அணி தன் முதல் ஆட்டத்தை ஆடியபோது அஸ்வின் களத்தில் இருந்தார். அதன்பின் நடந்த ஒன்பது ஆட்டங்களிலும் அவருக்கு இடம் கிடைக்கவில்லை. உலகம் அறிந்த பந்துவீச்சாளர் ஒருவர், அழைப்பு வந்தால் எழுந்து செல்ல ஆயத்தமாக வெளியே அமர்ந்திருக்கிறார். சபையில் ஒரு பொறுப்பு தமக்குக் கிடைக்கவில்லை என்று ஆராதனைக்கு வருவதையே நிறுத்திவிடும் நமக்கு அதில் ஒரு பாடம் உண்டு.

ஆனால், பிரியமானவர்களே, காத்திருப்பு எல்லாம் ஒரே தன்மையுடையதல்ல. கடந்த மாதத்தில் ஒரு நாள் ஒரத்தநாடு வழியாக ஒரு வீட்டு ஜெபத்துக்குப் போய்க்கொண்டிருந்தேன். சாலையோரத்தில் ஒரு வயல் தரிசாகக் கிடந்தது. நாற்று நட வேண்டிய அந்த இடத்தில் பையன்கள் ஸ்டம்பு நட்டிருந்தார்கள். நீல நிறச் சட்டையணிந்த ஒருவன் ஓடிவந்து பந்து வீசினான். வரப்பில் ஒரு முதியவர் குத்துக்காலிட்டு அமர்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய வயலாகத்தான் இருக்க வேண்டும். பையன்களை அவர் விரட்டவுமில்லை, ஆட்டத்தை இரசிக்கவுமில்லை.

இந்த ஆண்டு நம் வயல்களுக்கு நேர்ந்ததை நீங்கள் அறிவீர்கள். ஜூன் 12 அன்று மேட்டூர் அணை முறைப்படி திறக்கப்பட்டது. கல்லணையில் தண்ணீர் வந்தபோது பூத்தூவி வரவேற்றார்கள். குறுவை நம்பிக்கையோடு தொடங்கியது. பின்பு மேற்கே மழை பொய்த்தது. 1901-ம் ஆண்டு முதல் உள்ள கணக்கில், இந்தியாவில் மிகவும் வறண்ட ஆகஸ்ட் மாதம் இந்த ஆண்டின் ஆகஸ்ட்தான். கர்நாடகத்திலிருந்து வர வேண்டிய தண்ணீர் குறைந்தது. வழக்கும் ஆணையமும் அறிக்கைகளுமாக நாட்கள் கழிந்தன. 120 அடி நிற்க வேண்டிய மேட்டூர் ஏறக்குறைய 30 அடிக்கு இறங்கியது. அக்டோபர் 10 அன்று பாசனத்துக்கான தண்ணீர் நிறுத்தப்பட்டது. பம்புசெட் உள்ளவர்கள் எப்படியோ சமாளித்தார்கள். ஆற்றை மட்டுமே நம்பிய கடைமடைக்காரர் வானத்தைப் பார்த்தார்கள். தீபாவளிக்குப் பின் பெய்த மழையில் சற்று மூச்சு வந்திருக்கிறது. என்றாலும் சம்பா கரையேறுமா என்ற கேள்விக்கு இன்னும் விடை இல்லை.

யாக்கோபு தம் நிருபத்தில் பொறுமைக்கு உதாரணம் காட்ட நினைத்தபோது, அவர் கண்முன் வந்தவன் இந்த விவசாயிதான். முன்மாரிக்கும் பின்மாரிக்கும் பொறுத்திருந்து நிலத்தின் பலனை எதிர்நோக்குகிறவனைப் போல நீங்களும் ஆண்டவருடைய வருகைக்குக் காத்திருங்கள் என்கிறார். பாலஸ்தீன நாட்டுக்கு இரண்டு மழை என்றால், நமக்கும் இரண்டுதான். குடகில் பெய்து ஆற்றில் வருவது ஒன்று. ஐப்பசி கார்த்திகையில் நம் தலைமேல் பெய்வது மற்றொன்று.

விளையாட்டு இரசிகனுடைய காத்திருப்புக்கும் விவசாயியின் காத்திருப்புக்கும் உள்ள வேறுபாட்டைக் கவனியுங்கள். இரசிகன் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. தான் நாற்காலியை விட்டு எழுந்தால் விக்கெட் விழும் என்று நம்பி அசையாமல் உட்கார்ந்திருப்பவர் நம் வீடுகளில் உண்டு. ஆயினும் அவர் எழுந்தாலும் அமர்ந்தாலும் அகமதாபாத்தில் பந்து அதன் வழியே போகும். விவசாயியோ வானத்துக்குக் கட்டளையிட முடியாது என்று அறிந்திருந்தும் சும்மா இருப்பதில்லை. வாய்க்காலைத் தூர்வாருகிறான், வரப்பை அண்டைவெட்டிச் சீர்செய்கிறான், விதைநெல்லைப் பாதுகாக்கிறான். தண்ணீர் நள்ளிரவில் வந்தாலும் மடையைத் திறக்க மண்வெட்டியோடு போகிறான். அவன் காத்திருப்பதற்குக் கையும் காலும் உண்டு. விசுவாசியின் காத்திருப்பு இந்த இரண்டில் எதைப் போன்றது என்பதே இன்று நம்முன் உள்ள கேள்வி.

இந்தக் கேள்வியை நான் உங்களிடம் மட்டும் கேட்கவில்லை. இருபது ஆண்டுகளாக என்னிடமே கேட்டுக்கொண்டிருக்கிறேன். அதன் காரணத்தை இதுவரை சபையில் சொன்னதில்லை; இப்பொழுது சொல்ல வேண்டியிருக்கிறது.

2003-ம் ஆண்டு மார்ச் 23-ம் ஒரு ஞாயிற்றுக்கிழமைதான். அன்றும் உலகக் கோப்பை இறுதி ஆட்டம். அன்றும் எதிரணி ஆஸ்திரேலியா. அப்பொழுது நான் கடைமடையில் ஒரு சிற்றூரில் உபதேசியாராக இருந்தேன். அதற்கு முந்தின ஆண்டு காவிரி கைவிட்ட ஆண்டு. குறுவை இல்லை, சம்பா பல ஊர்களில் கருகிற்று. குளங்கள் வறண்டு, மாடுகளை விற்கத் தொடங்கியிருந்தார்கள். ஆனால் அந்த ஞாயிறு மாலை என் மனம் ஊரில் இல்லை, தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க்கில் இருந்தது.

ஆஸ்திரேலியா இரண்டே விக்கெட்டுகளை இழந்து 359 ஓட்டங்கள் குவித்திருந்தது. சச்சின் முதல் ஓவரிலேயே ஆட்டமிழந்தார். சேவாக் ஒருவர் அடித்துக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் சபையைச் சேர்ந்த ஒரு விவசாயி என் வீட்டுத் திண்ணையில் வந்து நின்றார். என்னைவிட வயதில் மூத்தவர். "வாங்கண்ணே, உட்காருங்க" என்றேன். அவர் உள்ளே வந்து கதவோரம் தரையில் அமர்ந்தார். "என்ன விஷயம்?" என்று திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டேன். "ஒண்ணுமில்லை ஐயா, சும்மா பாத்துட்டுப் போகலாம்னு வந்தேன்" என்றார்.

சற்று நேரத்தில் ஜோகன்னஸ்பர்க்கில் மழை வந்தது. ஆட்டம் நின்றது. நான் மகிழ்ந்தேன். மழை நீடித்தால் ஆட்டம் மறுநாள் புதிதாகத் தொடங்கும், நம் அணிக்கு இன்னொரு வாய்ப்புக் கிடைக்கும் என்பது எங்கள் எல்லாருடைய ஆசை. "ஆண்டவரே, இன்னும் பெய்யட்டும்" என்று வாய்விட்டே சொன்னேன். அந்த மனிதர் திரையில் விழுந்த மழையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அங்கே நல்லா பெய்யுது ஐயா" என்றார். வேறொன்றும் சொல்லாமல் சிறிது நேரத்தில் எழுந்து போய்விட்டார். நான் வாசல் வரை கூடப் போகவில்லை.

மழை நின்றது, ஆட்டம் தொடர்ந்தது, இந்தியா 125 ஓட்டங்களில் தோற்றது. அடுத்த ஞாயிறு ஆராதனையில் அவர் குடும்பம் அமரும் இடம் வெறுமையாக இருந்தது. விசாரித்தேன். திங்கட்கிழமை இரவு, வீட்டைப் பூட்டிக்கொண்டு திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போய்விட்டார்கள். "போறதுக்கு முந்தி ஐயர்கிட்ட ஜெபம் பண்ணிக்கிட்டு வாறேன்னு சொல்லிட்டு வந்தாரே" என்றார் பக்கத்து வீட்டு அம்மாள். அவரை நான் அதன்பின் காணவில்லை.

தண்ணீர் இல்லாத ஊரில் உட்கார்ந்து, எங்கோ பெய்த மழைக்காக நான் ஜெபித்தேன். உண்மையாகவே மழைக்குக் காத்திருந்தவர் என் அருகில், தரையில் அமர்ந்திருந்தார். நான் கிரிக்கெட் பார்த்தது பாவம் என்று இன்றும் நினைக்கவில்லை. திரும்பி அவர் முகத்தைப் பார்க்காததே பாவம்.

இருபது ஆண்டுகளுக்குப் பின், மறுபடியும் வறண்ட ஓர் ஆண்டு, மறுபடியும் ஞாயிற்றுக்கிழமை, மறுபடியும் அதே எதிரணி. ஆகவே வாலிபர்களுக்கு என் பதில் இது: மாலை ஆராதனை நாளையும் 6 மணிக்கே நடைபெறும். இரண்டுபேர் வந்தாலும் நடைபெறும்.

ஓய்வுநாள் என்றவுடன் போதகர்கள் எரிக் லிடலை எடுத்துக் காட்டுவது வழக்கம். 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் 100 மீட்டர் ஓட்டத்தின் முதற்சுற்று ஞாயிறன்று வந்ததால் அவர் அதில் ஓட மறுத்தார். பின்பு 400 மீட்டரில் பொற்பதக்கம் வென்றார். இந்தப் பாதிக் கதையைச் சொல்லி உங்களைக் குற்றப்படுத்த எனக்கு விருப்பமில்லை. மறுபாதியையும் சொல்ல வேண்டும். அவர் சீனாவில் மிஷனெரியாக ஊழியம் செய்தார். யுத்தக் காலத்தில் ஜப்பானியர் அவரை வெய்சியன் தடுப்பு முகாமில் அடைத்தார்கள். அங்கே ஞாயிறன்று பிள்ளைகளின் விளையாட்டுக்கு நடுவராக இருக்க முதலில் மறுத்தவர், நடுவர் இல்லாமல் அவர்கள் அடித்துக்கொண்டதைக் கண்டபின் தாமே போய் நடுவராக நின்றார் என்று அவரோடிருந்தவர்கள் நினைவுகூர்ந்திருக்கிறார்கள். 1945 பிப்ரவரியில் அந்த முகாமிலேயே அவர் மரித்தார். தமக்குப் புகழ் வரும் என்றபோது ஞாயிற்றை விட்டுக்கொடுக்காதவர், பிள்ளைகளுக்கு நன்மை வரும் என்றபோது விட்டுக்கொடுத்தார். ஓய்வுநாள் மனிதனுக்காக உண்டாயிற்று என்று நம் ஆண்டவர் போதித்ததை அவர் நன்றாய் அறிந்திருந்தார்.

நாளை மாலை ஆராதனையை நான் நிறுத்தாததன் காரணமும் அதுவே. அது மழைக்காகவும் வயல்களுக்காகவும் ஜெபிக்கும் ஆராதனையாக இருக்கும். யாரோ ஒருவர் பத்துக் கிலோமீட்டர் பேருந்தில் வந்து, கதவு பூட்டியிருக்கக் கண்டு திரும்பிப் போகக்கூடாது. வாலிபர் சங்கத்தார் பிற்பகல் 2 மணி முதல் ஆலயக் கூடத்தில் ஆட்டத்தைச் சேர்ந்து பார்க்கலாம். 6 மணிக்குத் தொலைக்காட்சி அணைக்கப்படும். ஒரு மணி நேரத்தில் ஆராதனை முடிந்தபின் மீண்டும் போடப்படும். வீட்டிலிருந்து பார்க்கிறவர்களிடம், "ஏன் வரவில்லை?" என்று அடுத்த வாரம் கேட்கமாட்டேன். பிரசங்கத்தில் குத்திப் பேசவும் மாட்டேன். ஆட்டத்தின்மேல் பணம் கட்டாதிருங்கள் என்று மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன்.

வெற்றிக்காக ஜெபிக்கக் கேட்ட பெரியவருக்கும் பதில் சொல்ல வேண்டும். ஐயா, ஆஸ்திரேலியாவிலும் நாளை ஞாயிறுதான். அங்கும் ஆலயங்கள் உண்டு. நம் தமிழ்ச் சபைகளும் உண்டு. ஒரே பிதாவிடம் இரண்டு பிள்ளைகள் ஒரே கோப்பையைக் கேட்டால் அவர் என்ன செய்வார்? ஆடுகிறவர்கள் காயமின்றி ஆடவும், மைதானத்தில் கூடும் திரளான மக்கள் சுகமாய் வீடு திரும்பவும் நான் ஜெபிப்பேன். நாம் தோற்றால், ஒரு பந்தைத் தவறவிட்டவனையும் அவன் வீட்டாரையும் நம் நாவு தூஷிக்காதிருக்கவும் ஜெபிப்பேன். வெற்றியை நான் கேட்கமாட்டேன்; வந்தால் உங்களோடு சேர்ந்து மகிழ்வேன்.

சபையார் அனைவரிடமும் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. நாளை காலை ஆராதனைக்கும் ஆட்டத்துக்கும் நடுவே உங்களுக்கு இரண்டு மணி நேரம் கிடைக்கும். அதற்குள், எதற்கோ காத்திருக்கும் ஒரு மனிதரைப் போய்ப் பாருங்கள். அவர் மருத்துவ அறிக்கைக்குக் காத்திருப்பவராக இருக்கலாம். வெளிநாட்டிலிருக்கும் மகனுடைய தொலைபேசி அழைப்புக்குக் காத்திருக்கும் தாயாக இருக்கலாம். பயிர்க்கடன் தவணைக்கு முன் மழைக்காகக் காத்திருப்பவராக இருக்கலாம். அவர் "ஒண்ணுமில்லை, சும்மாதான்" என்று சொல்லக்கூடும். அந்தச் சொல்லை நம்பி எழுந்து வந்துவிடாதீர்கள். இன்னும் சற்று நேரம் அமர்ந்திருங்கள்.

இன்னும் இரண்டு வாரத்தில், டிசம்பர் 3 அன்று, கிறிஸ்துவின் வருகையைத் தியானிக்கும் அட்வெந்து காலம் தொடங்குகிறது. லூக்கா 12-ம் அதிகாரத்தில், இரவில் விளக்கை அணையவிடாமல் எஜமானுக்காக விழித்திருக்கும் வேலைக்காரரைக் குறித்து ஆண்டவர் சொன்ன உவமையை அப்பொழுது தியானிப்போம். அதில் நாம் எளிதில் கடந்துபோகும் ஓர் ஆச்சரியம் உண்டு. எஜமான் வந்தவுடன் வேலைக்காரர் அவருக்குப் பந்தி பரிமாறுவார்கள் என்று எதிர்பார்ப்போம். நடப்பதோ வேறு. அவரே இடுப்பில் கச்சை கட்டி, அவர்களை உட்காரவைத்து, அவர்களுக்குப் பரிமாறுகிறார்.

நாளை இரவு ஏதோ ஓர் அணித்தலைவர் கோப்பையை உயர்த்துவார். நாம் தூரத்திலிருந்து கைதட்டுவோம். கோப்பை நம் கையில் வருவதில்லை. நாம் காத்திருக்கும் ஆண்டவரோ தம்முடைய மகிமையைத் திரையில் காட்டிவிட்டுப் போகிறவரல்லர். நம் திண்ணைக்கு வந்து, நம்மை அமரவைத்து, நம் முகத்தைப் பார்க்கிறவர். அப்படிப்பட்டவருக்காகக் காத்திருக்கிற நாம், நம் திண்ணையில் நிற்கிறவருடைய முகத்தைப் பார்க்கக் கற்றுக்கொள்வோம்.

ஜெபம்: எங்கள் பரம பிதாவே, மகிழ்ந்திருக்கும் எங்கள் பிள்ளைகளுக்காக உமக்கு ஸ்தோத்திரம். கடைமடை வரை எங்கள் வயல்களுக்கு ஏற்ற மழையைத் தாரும். ஊரைவிட்டுப் பிழைப்புக்காகப் போனவர்கள் இருக்கும் இடத்தில் அவர்களைக் காத்தருளும். எங்கள் அருகில் மௌனமாய் அமர்ந்திருப்பவர்களை நாங்கள் காணாமற்போகாதபடி எங்கள் கண்களைத் திறந்தருளும். எங்கள் ஆண்டவராகிய இயேசு கிறிஸ்துவின் மூலம் கேட்கிறோம். ஆமென்.